மாநிலக் கணக்கு இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளையின் கணக்கு எங்கே?

கெலுகோர், பினாங்கு

நமது நாட்டின் புள்ளிவிவர இலாகா ஆண்டுதோறும் ஓர் ஏடு வெளியிடுகிறது. பிறந்த குழந்தைகள் ஆயிரத்தில் ஒரு வயது நிரம்புமுன் கண்மூடியவை எத்தனை என்ற கணக்கு அதில் உண்டு. பெர்லிஸ் இத்தனை, கெடா இத்தனை, பினாங்கு இத்தனை என்று மாநிலவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். மாவட்டவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று இனவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். ஆண் குழந்தை வேறு, பெண் குழந்தை வேறு. இவ்வளவும் பிரித்தவர்கள் ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்த குழந்தை எத்தனை, பிழைத்தது எத்தனை என்று அந்த ஏட்டில் தேடினால் கிடைக்காது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளையைத் தேடினாலும் கிடைக்காது.

தோழர்களே, ஏதோ ஒரு குமாஸ்தா மறந்துவிட்ட விஷயம் என்று இதை நாம் தள்ளிவிடலாகாது. எண்ணப்படாத பிள்ளைக்காக எந்த மந்திரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த முதலாளியும் பணப்பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஆகவேதான் இந்தக் கணக்கைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். சுதந்திரம் பெற்ற 1957-ல் இந்த நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1970-ல் அது 39 ஆயிற்று. 1990-ல் 13. 2000-த்தில் ஆறரை. உலகத்தில் பல நாடுகள் பார்த்துப் பொறாமைப்பட்ட சாதனை இது. கம்பத்துக்குக் கம்பம் சைக்கிளில் போன மருத்துவச்சிகளும், தாதிமாரும், தடுப்பூசி போட்ட ஊழியர்களும் சாதித்த சாதனை. அவர்களுக்கு நம் வணக்கம் உண்டு. ஆனால் 2000-த்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எண் ஆறுக்கும் ஏழுக்கும் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறதே, அது ஏன்? எளிதில் எட்டக்கூடிய வீடுகளையெல்லாம் எட்டியாகிவிட்டது. எஞ்சி நிற்பவை எட்டாத வீடுகள். அவை எங்கே இருக்கின்றன என்பது மாநிலக் கணக்கிலிருந்து தெரியாது.

இறப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்போம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்களை அரசாங்கமே அளந்து பார்த்திருக்கிறது. 2006-ல் நூற்றுக்கு 17 பேர். 2019-ல் ஏறக்குறைய 22 பேர். 2022-ல் 21 பேர். அதாவது ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை. பிறப்பதற்கு முன்பு தாயின் வயிற்றிலும், பிறந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய சத்தும் பராமரிப்பும் கிடைக்காததன் அடையாளம் அது. அடிக்கடி பேதியும் சளியும் வந்த பிள்ளையின் அடையாளமும் அதுவே. இரட்டைக் கோபுரம் உயர்ந்த நாட்டில் பிள்ளை உயரவில்லை!

இந்த உயரக் கணக்கும் மாநிலவாரியாகத்தான் வருகிறது. 2016-ஆம் ஆண்டு ஆய்வில் கிளந்தானில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு வளர்ச்சி குன்றியிருந்தது. கோலாலம்பூரில் பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: கிளந்தான் ஏழை மாநிலம், தலைநகர் செழிப்பான இடம், ஆகவே உதவி கிழக்குக் கரைக்குப் போகட்டும். கிளந்தானுக்குப் போகட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, 2017-ல், யுனிசெப் ஸ்தாபனம் கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அளந்தது. அங்கே நூற்றுக்கு 22 பிள்ளைகள் வளர்ச்சி குன்றியவர்கள்! நகரத்தின் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. நூற்றுக்கு 15 பிள்ளைகள் எடை குறைந்தவர்கள். விலைவாசியால் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு கொடுக்க முடியவில்லை என்று சொல்லாத குடும்பமே அநேகமாக இல்லை. ஒரே நகரம், ஒரே மாநகர மன்றம். பக்கத்துச் சாலையில் மாளிகைகள். கணக்கில் மாளிகைப் பிள்ளையையும் மாடிப் பிள்ளையையும் கூட்டி வகுத்து, "கோலாலம்பூர் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்குத்தான் அந்தப் பழமொழி பொருந்தும். நமது மாநிலங்கள் ஒரே பானையல்ல.

நாம் இருக்கும் கெலுகோரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இது டேவிட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் மிளகு, ஜாதிக்காய்த் தோட்டம். இன்று மலைப்பக்கம் பங்களாக்கள், நடுவில் பல்கலைக்கழகம், கடலோரமும் சாலையோரமும் அடுக்குமாடிகள். இவை அத்தனையும், ஜார்ஜ் டவுன் நகரத்தோடு சேர்த்து, திமோர் லாவுட் என்ற ஒரே மாவட்டக் கணக்கில் அடங்கிவிடுகின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளையும், அந்தத் தொழிற்சாலை நிர்வாகியின் பிள்ளையும் கணக்கில் அண்ணன் தம்பிகள். 1985-ல் திறந்த பாலம் கெலுகோரில்தான் கரையேறுகிறது. அந்தப் பாலத்தின் வழியாக எத்தனை தோட்டக் குடும்பங்கள் இந்தக் கரைக்கு வந்தன! அன்று தோட்டத் துண்டாடல். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை. அதன்பின் செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் திட்டம். கெடாவிலும் செபராங் பிறையிலும் மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பம் ஒரு நாள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுக்குமாடிக்கு வந்தது. அது வந்த வழியைக் காட்டும் கணக்கு எங்கும் கிடையாது. தோட்டத்தில் இருந்தபோது "கிராமப்புறம்", அடுக்குமாடிக்கு வந்ததும் "நகர்ப்புறம்". நகர்ப்புறக் கணக்கில் சேர்ந்தவுடனே அந்தப் பிள்ளைக்கு எல்லா வசதியும் வந்துவிட்டதாகப் பொருள்!

இதிலே வேடிக்கை ஒன்றுண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் நம்மைத் தனியாகத்தான் எண்ணினார்கள். தொழில் இலாகாவின் ஆண்டறிக்கையில் தோட்டத் தொழிலாளரின் சாவு தனியாகக் கிடந்தது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்திய சர்க்கார் மலாயாவுக்கு ஓர் ஏஜெண்டை நியமித்தது. அவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, யுத்தம் வரும்வரை ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். கூலி எவ்வளவு, லயம் எப்படி, ஆஸ்பத்திரி எப்படி, தோட்டத்தில் பிறந்த சிசுக்களில் இறந்தவை எத்தனை என்பதெல்லாம் அதில் வந்தன. துரைமாருக்கு நம்மேல் பாசம் பொங்கியா எண்ணினார்கள்? ஆள் வருவதை இந்திய சர்க்கார் நிறுத்திவிடுமோ என்ற பயம்! 1938-ல் கூலிக் குறைப்பின்போது அது நிறுத்தியும் காட்டியது. பயம் இருந்த காலத்தில் கணக்கு இருந்தது. பயம் போனதும் கணக்கும் போயிற்று. காலனி ஆட்சியில் ஓர் உடைமையாகவாவது எண்ணப்பட்ட நம் பிள்ளை, சுதந்திர நாட்டில் குடிமகனாகத் தனித்து எண்ணப்படவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி வந்த கிராமச் சுகாதாரத் திட்டம் அருமையான திட்டம். ஐம்பதினாயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், பதினாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி வீடு என்று வகுத்தார்கள். முன்னே சொன்ன சாதனைக்கு அதுவே அஸ்திவாரம். ஆனால் தோட்டத்தின் வேலி வந்ததும் அந்தத் திட்டம் நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நிர்வாகம் என்ன பார்த்துக்கொண்டது? ஒரு டிரெஸர், ஒரு மருந்தறை, ஓர் ஆயாக்கொட்டகை. நல்ல தோட்டம் ஒன்றிரண்டு இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் துண்டாடிய தோட்டத்தை வாங்கிய சில்லறை முதலாளிகள் முதலில் வெட்டியது ஆஸ்பத்திரிச் செலவைத்தான். அரசாங்கத்துக்கு நாம் முதலாளியின் பொறுப்பு. முதலாளிக்கு நாம் செலவுக் கணக்கு.

தனியாக எண்ணினால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் கடலுக்கு அப்பால் நம் இனத்தவர் தேயிலை பறிக்கும் இலங்கையைப் பார்க்கட்டும். அங்கே சர்க்கார் ஆய்வுகளில் நகர்ப்புறம், கிராமப்புறம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் உண்டு. 1974-ல் உணவுப் பஞ்சம் வந்தபோது, தீவு முழுவதற்கும் சிசு மரணம் ஆயிரத்துக்கு ஐம்பதை ஒட்டி இருக்க, தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது. அந்தக் கொடுமை இன்றும் ஏட்டில் கிடக்கிறது, யாராலும் மறைக்க முடியவில்லை. தோட்டம் தனிப் பிரிவாக இல்லாதிருந்தால் தீவின் சராசரியில் அந்தப் பிள்ளைகள் சத்தமில்லாமல் கரைந்து போயிருப்பார்கள். 2006-07-ல் எடுத்த ஆய்வில் இலங்கைத் தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். 2016-ல் 32 பேர். அந்த ஆண்டில் தீவு முழுவதற்கும் 17 பேர்தான். இன்னமும் அநியாயமான இடைவெளிதான், அங்குள்ள தோழர்கள் அதைப் பாராட்டிக்கொள்ளவில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மலையகத் தொழிற்சங்கக்காரர் கொழும்பிலே மந்திரி முன் உட்காரும்போது அவர் கையில் சர்க்காரே அச்சடித்த எண் இருக்கிறது. கோலாலம்பூரில் மந்திரி முன் உட்காரும் நம்முடைய ஆளின் கையில் என்ன இருக்கிறது?

சராசரி ஏமாற்றும் என்பதற்கு ஏழை மாநிலங்களை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் குழந்தைகளைக் காப்பதில் முதலிடம் கேரளத்துக்கு. 2020-ல் இந்தியா முழுவதற்கும் சிசு மரணம் ஆயிரத்துக்கு 28 என்றால் கேரளத்தில் 6. நமது மலேசியாவோடு தோள் உரசும் எண். அதே கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அட்டப்பாடி மலையில், 2013-ல் ஆதிவாசிக் குழந்தைகள் ஊட்டமின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தபோது நாடே திடுக்கிட்டது. இங்கே 2019-ல் கிளந்தான் குவா மூசாங் பக்கம் குவாலா கோ என்ற இடத்தில் பத்தேக் பூர்வகுடி மக்கள் பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். தட்டம்மை என்று சுகாதார இலாகா உறுதிப்படுத்தியது. தட்டம்மைத் தடுப்பூசி நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்குமேல் போடப்படுகிறது என்று பெருமையடித்த காலம் அது. அந்தக் குடியிருப்பைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பழம் ஏற்றும் லாரி போகும் பாதையில் ஊசி போகவில்லை.

இனி, மறுப்புச் சொல்லும் கனவான்களுக்கு வருவோம்.

"உங்கள் பிள்ளைகள் பரம்பரையாகவே குட்டை" என்பார் ஒருவர். படித்தவர் வாயிலிருந்து இந்தச் சொல் வருவதுதான் வேதனை. உலகச் சுகாதார ஸ்தாபனம் பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்ற பிள்ளைகளைப் பல ஆண்டுகள் அளந்தது. 2006-ல் முடிவை வெளியிட்டது. முதல் ஐந்து வயதுவரை டில்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்! இந்த அளவுகோலை வைத்துத்தான் உலகமெங்கும் இப்போது பிள்ளைகளை அளக்கிறார்கள். ஆகவே பரம்பரையைக் குறை சொல்லி நழுவ முடியாது.

"தாய்மாருக்கு அறிவு போதாது, பாலுக்குப் பதில் இனிப்புக் கட்டிப்பாலைக் கொடுக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். இது பழைய கதை. 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன் நின்று பேசினார். பேச்சின் தலைப்பே "பாலும் கொலையும்". கட்டிப்பாலைச் சிசுவுக்கு உகந்த உணவென்று விளம்பரம் செய்து விற்பதைக் கொலைக் குற்றமாகவே கருத வேண்டும் என்று அந்த அம்மையார் முழங்கினார். குற்றவாளிக் கூண்டில் அவர் நிறுத்தியது விற்றவனை. நமது கனவான்கள் நிறுத்துவதோ தாயை!

அந்தத் தாயின் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறார்களா? அன்று விடியுமுன் பெரட்டுக்குப் போனாள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓடினாள், உச்சிக்குத் திரும்பி வரும்போது மார் கட்டியிருந்தது, பிள்ளை அழுது அடங்கித் தூங்கியிருந்தது. இன்று அவள் மகள் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் இறங்குகிறாள், பிள்ளை அடுத்த வீட்டுப் பாட்டியிடம். 1955-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பிரசவத்துக்கு 60 நாள் விடுப்புத் தந்தது. அந்த அறுபதை 98 ஆக்க 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இடையில் வளர்ந்து முடிந்துவிட்டன! ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் என்றால் 180 நாள். சட்டம் தருவது 98. மீதி 80 நாளுக்கு மேல் அந்தப் பிள்ளை எதைக் குடிக்கும்? சுவரில் படம் ஒட்டிய இலாகாவும் சட்டம் இயற்றிய இலாகாவும் ஒரே அரசாங்கத்தில்தானே இருக்கின்றன? கூலியைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் வாடகை, மின்சாரம், பஸ் செலவு போக மீனுக்கும் முட்டைக்கும் பாலுக்கும் என்ன மிஞ்சும் என்று ஒரு மந்திரியாவது சந்தைக் கூடையோடு கணக்குப் பார்க்கட்டும். பிள்ளையின் உயரம் தாயின் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

மூன்றாமவர் புள்ளிவிவரக்காரர். அவர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் உண்டு. "ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு நாற்பது பிள்ளை பிறக்கும். அதில் ஒன்று இறந்தால் ஆயிரத்துக்கு 25 என்று வரும், அடுத்த ஆண்டு ஒன்றும் இறக்காவிட்டால் பூஜ்யம் என்று வரும். சின்ன எண்ணை நம்ப முடியாது" என்கிறார். உண்மைதான். அப்படியானால் தனித்தனித் தோட்டமாகப் பார்க்க வேண்டாமே! ஒரு மாநிலத்தின் தோட்டங்களையெல்லாம் ஒரு பிரிவாகச் சேருங்கள், மலிவு விலை அடுக்குமாடிகளை இன்னொரு பிரிவாகச் சேருங்கள், ஐந்தாண்டுக் கணக்கை ஒன்றாகக் கூட்டுங்கள். எண் பெரிதாகிவிடும், ஊசலாட்டம் நின்றுவிடும். இறப்பு அரிது, ஆகவே தடுமாறும். உயரமும் எடையும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, சில நூறு பிள்ளைகளை அளந்தாலே உண்மை தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் தாயின் முகவரி இல்லையா? முகவரி இருக்கும்போது பிரிப்பதற்கு என்ன தடை?

இன்னொரு விஷயத்தையும் நம் தோழர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலான தோட்டங்களில் வேலை செய்கிறவர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். சபாவின் செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளரும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம்கூடக் கிடையாது. "அவர்கள் நம் பிள்ளைகளா?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் பாட்டன் கப்பலில் வந்து இறங்கியபோது நம்மைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு இது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் தலைகாட்டியது. அது அடையாள அட்டையைக் கேட்டா பிள்ளையைத் தொட்டது? தோட்டப் பிரிவு என்று எண்ணும்போது தோட்டத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். அவர்களை விட்டுவிட்டு நம்மை மட்டும் எண்ணச் சொன்னால், நமக்கு நேர்ந்த அநியாயத்தை நாமே மற்றவனுக்குச் செய்தவர்களாவோம்.

ஆகவே நாம் கேட்பது இது. அடுத்த தேசிய சுகாதார ஆய்வில் தோட்டம் ஒரு பிரிவாகவும் மலிவு விலை அடுக்குமாடி ஒரு பிரிவாகவும் இடம்பெற வேண்டும். பினாங்கு மாநில அரசாங்கம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தன் எல்லைக்குள் இருக்கும் அடுக்குமாடிகளில் பிள்ளைகளை அளக்கத் தாதிகளை அனுப்பலாம். கெலுகோரில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு, கிளந்தான் குபாங் கிரியானில் மருத்துவக் கல்லூரி நடத்தும் அறிவியல் பல்கலைக்கழகம் இந்த இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுச் சொல்ல எல்லா வகையிலும் தகுதி பெற்றது. மதிலுக்கு வெளியே நடந்து போகிற தூரத்தில் அடுக்குமாடிகள் இருக்கின்றன.

அரசாங்கம் செய்யும்வரை கிளைத் தோழர்கள் சும்மா இருக்க வேண்டுமா? அரசாங்கக் கிளினிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உடல்நலப் பதிவேடு கொடுக்கிறார்கள். எடை, உயரம், போட்ட ஊசி எல்லாம் அதில் தாதியின் கையெழுத்தில் இருக்கும். வளைகோடு போட்ட ஒரு பக்கமும் இருக்கும். பிள்ளையின் புள்ளி அடிக்கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கிறதா என்று எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பார்த்துச் சொல்லலாம். ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர் வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அடிக்கோட்டுக்குக் கீழே எத்தனை, ஊசி தவறியது எத்தனை என்று மூன்று எண்களை மட்டும் எழுதட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம். தாயின் சம்மதத்தோடு, பெண் தோழர்களைக் கொண்டே எழுதட்டும். அந்தத் தாள்களைக் கிளைச் செயலாளர்கள் தலைமையகத்துக்கு அனுப்பிவைக்கட்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ரப்பர் விலை, செம்பனை எண்ணெய் விலையோடு இந்தத் தாளையும் மேசைமேல் வைப்போம்.